மாற்றி மாட்டிய ட்ரிகர்

கண்ணு, பெரிய செய்தி, நின்று மூச்சு வாங்காமல் ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன்: எட்டு வருஷத்துக்கு முன்னால் நம் வீட்டு ஹாலில் மாணிக்கம் அங்கிளின் முதுகில் பாய்ந்த குண்டை நீ சுடவில்லை, உன் விரல் ட்ரிகர் மேல் இல்லவே இல்லை, நீ அன்று சொன்ன ஒவ்வொரு சொல்லும் நிஜம், பொய் சொன்னவன் நான்!

படித்துவிட்டாயா? மறுபடியும் ஒரு முறை படித்துக்கொள். நம்மூர் கோபியில் மூன்றாம் வகுப்பு வரை நீ படித்த தமிழ் இதற்குப் போதும். எங்கேயாவது தட்டினால் அம்மாவுக்குப் போன் போடு, வாசித்துக் காட்டுவாள். அவளிடம் நேற்றே முழுக் கடிதத்தையும் கொடுத்துவிட்டேன். ஏன் தமிழில் எழுதுகிறேன் என்று கேட்பாய். போலீஸ் அதிகாரியிடம் நான் பொய் சொன்னது இங்கிலீஷில்தான். ஆனால் அந்தப் பொய்யை இந்த ஊரில் எட்டு வருஷம் சாகாமல் பார்த்துக்கொண்டது தமிழ். பொங்கல் விழாவில் பேசினார்கள், பிள்ளைகளை டான்ஸ் கிளாஸில் விட்டுவிட்டுக் கார் பக்கத்தில் நின்று பேசினார்கள், சாம்பார் பாத்திரத்தைக் கைமாற்றும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்கள். அதனால் இதை உனக்கு மட்டும் அனுப்பவில்லை. நம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் எல்லாரும் இருக்கும் ஈமெயில் லிஸ்ட்டிலும், துப்பாக்கி பாகங்களைப் பற்றி நான் நடத்திவரும் வெப் பேஜிலும் போடுகிறேன். ஊர் முன்னால் சொன்ன பொய்யை உன் காதில் மட்டும் வந்து ரகசியமாகத் திருத்தினால், அது பழைய பொய்யின் அடுத்த வெர்ஷன்தான்.

போன மாதம் மாணிக்கம் இறந்த செய்தி வந்த அன்று நீ சன்னிவேலிலிருந்து கூப்பிட்டாய். வேலைக்குச் சேர்ந்து ஏழு வாரம்கூட ஆகவில்லை. "அப்பா, ஐ கில்ட் ஹிம். இட் ஜஸ்ட் டுக் எய்ட் இயர்ஸ்" என்றாய். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளுக்குள் ஒருத்தன் கத்தினான். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "விடு கண்ணு, சாப்ட்டியா?" என்றேன். நீ "யா" என்றாய். போனை வைத்தாய். அம்மா சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரி, ஆரம்பத்திலிருந்து வருகிறேன். மாணிக்கம் என் ஆபீஸில் என் பக்கத்து சீட். அவனும் கோபிக்காரன் என்று தெரிந்த நாளிலிருந்து சனி ஞாயிறு நம் வீட்டில்தான் சாப்பாடு. சுமதியைக் கல்யாணம் பண்ணிக் கூட்டி வந்த பிறகும் அப்படித்தான். உன்னை "மாப்ள" என்று கூப்பிடுவான். நான் துப்பாக்கிப் பைத்தியம் பிடித்து அலைந்ததை முதலில் கேலி செய்தவனும் அவன்தான். "ஏனுங்கண்ணா, நம்மூர்ல காக்கா ஓட்டக்கூட கவட்டைதான வெச்சிருந்தீங்க, இங்க வந்து என்னுங்க இத்தன வீரம்?" என்பான். வீரம் எல்லாம் இல்லை. எனக்கு மான் வேட்டை தெரியாது, ஒரு முயலைக்கூடச் சுட்டதில்லை. எனக்குப் பிடித்தது அந்தப் பொருள் செய்யப்பட்டிருந்த விதம். அடகுக் கடையில் வாங்கிய அந்த ட்வென்டி டூ ரைஃபிள், இந்த டெக்ஸஸில் பாதி வீட்டில் அலமாரி மூலையில் நிற்கும் சாதாரண ரைஃபிள். தோட்டா சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். பற்றவைக்கும் மருந்து அதன் அடி விளிம்பில் இருக்கும், சுத்தியல் பின்னாலிருந்து அந்த விளிம்பைத் தட்டினால் வெடிக்கும். அவ்வளவுதான். அவ்வளவு எளிதான ஒன்றை இத்தனை அழகாக யோசித்திருக்கிறார்களே என்று எனக்குத் தலை கால் புரியவில்லை.

நான் எந்தப் பட்டறையிலும் வேலை கற்றவன் இல்லை, உனக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் கோபோல் மொழியில் புரோகிராம் எழுதுகிறவன். ஆபீஸில் இன்டர்நெட் வந்த புதிதில் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க, ஒரே ஆசை உள்ளவர்கள் கேள்வியும் பதிலும் எழுதிப் போடும் நியூஸ்குரூப்பில் கிடப்பேன். அங்கே முகம் தெரியாத யார் யாரோ எழுதியதைப் படித்துப் படித்து, பிரிண்ட் எடுத்து ஃபைல் போட்டு, பழைய பாகம் புதிய பாகம் என்று தபாலில் வரவழைத்து, அந்த ரைஃபிள் வருஷா வருஷம் எப்படி மாறியது என்று ஒரு வரலாறே சேர்த்துவிட்டேன். ஆரம்பத்தில் கட்டை வால்நட் மரம். பிறகு விலை குறைந்த மரத்தில் சாயம் ஏற்றினார்கள். தோளில் அணைக்கும் இடத்துத் தகடு இரும்பாக இருந்தது, பிளாஸ்டிக் ஆனது. குழாயைக் கட்டையோடு இறுக்கும் வளையமும் அப்படியே. ட்ரிகர், சுத்தியல், அதைப் பிடித்து நிறுத்தும் கொக்கி எல்லாம் அடங்கிய அடிப்பகுதி இருக்கிறதே, நான் ட்ரிகர் பெட்டி என்று சொல்வேனே, அது பழைய ரைஃபிளில் வார்த்த அலுமினியத்தை இழைத்து, நிறம் உலோகத்திலேயே ஏறியிருக்கும்படி செய்திருப்பார்கள். புதியதில் வார்ப்பின் கோடு கூடத் தேய்க்காமல் மேலே கறுப்புப் பெயின்ட் அடித்துவிடுவார்கள், நகத்தால் தடவினாலே வித்தியாசம் தெரியும். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் அவர்கள் மாற்றவே இல்லை! அந்தப் பெட்டியை மாட்டும் இரண்டு பின்களின் துளை எந்த வருஷத்து ரைஃபிளிலும் அதே இடத்தில்தான். இன்றைக்கு வாங்கிய பெட்டியைப் பழைய ரைஃபிளில் மாட்டினால் சொன்னபடி கேட்கும். சாஃப்ட்வேரில் நாங்கள் தலைகீழாக நின்றாலும் வராத காரியம் அது. பார், இதை எழுதும்போதுகூட என் விரல்கள் வேகமாக ஓடுகின்றன. எதைப் பற்றி எழுத உட்கார்ந்தேன் என்பதையே ஒரு நிமிஷம் மறந்துவிட்டேன். இந்த ஆசைதான், கண்ணு. இதேதான்.

நியூஸ்குரூப்பில் எல்லாரும் சொன்ன ஒரு குறை, அந்த ரைஃபிளின் ட்ரிகரை அழுத்துவது கனம் என்பது. பாதுகாப்புக்கு அந்தக் கனம் வேண்டும் என்றுதான் கம்பெனியில் வைத்திருந்தார்கள். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனால் கொக்கியைக் கொஞ்சம் தேய்த்துவிட்டால் வெண்ணெய் மாதிரி ஆகிவிடும் என்று ஒருத்தர் எழுதினார். இன்னொருத்தர், தெரியாதவன் தொடாதே, நல்ல கடையில் கொடு என்று எழுதினார். நான் முதல் ஆளை நம்பினேன். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! ஒரு ஞாயிற்றுக்கிழமை கராஜில் உட்கார்ந்து அரத்தால் தேய்த்தேன். நீ பக்கத்தில் நின்று, "இஸ் தட் சேஃப்?" என்று கேட்டாய். "அப்பாவுக்குத் தெரியாததா?" என்றேன். அடுத்த வாரம் தனியாக, சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குக் கொண்டுபோனேன். தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டை மூன்றாவது முறை இழுத்து விட்டதும், அது முன்னால் போய் மூடிய வேகத்திலேயே, ட்ரிகரை யாரும் தொடாமலே, வெடித்தது. குண்டு எனக்கு முன்னால் மண்ணில் புதைந்தது. கொக்கி பிடிக்கவில்லை, சுத்தியல் நழுவிவிட்டது. பயந்துபோய் ரைஃபிளை உறையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். புதிய ட்ரிகர் பெட்டி ஒன்று, பழையதோடு ஒப்பிட்டுப் படம் எடுப்பதற்காக வாங்கியது, என் மேஜை டிராயரில் இருந்தது. அதை அன்றே மாட்டியிருக்கலாம். பழைய வார்ப்பு அழகாக இருந்தது, கழற்ற மனசு வரவில்லை. பிறகு சரிசெய்யலாம் என்று அலமாரியில் பூட்டி வைத்தேன். உன்னிடமோ அம்மாவிடமோ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதற்கடுத்த வாரம் ஆயுத பூஜை. வார நாளில் வந்ததை வழக்கம்போல் சனிக்கிழமைக்குத் தள்ளி வைத்தோம். எட்டுக் குடும்பம் வந்திருந்தது. ஹாலில் உங்கள் பாடப் புத்தகங்கள், அம்மாவின் தையல் மெஷின், எல்லாருடைய கார் சாவி, என் கீபோர்டு. கடைசியில் நான் ரைஃபிளைக் கொண்டுவந்து வெள்ளைத் துணி மேல் வைத்தேன். அம்மா முகம் சுளித்தாள். நான் கேட்கவில்லை, என் பெருமை அது, எட்டுக் குடும்பமும் பார்க்க வேண்டாமா? கட்டைக்குச் சந்தனம், குங்குமம், நுனியில் சாமந்திப் பூ. மாணிக்கம் குனிந்து பார்த்துவிட்டு, "ஏனுங்கண்ணா, உள்ள ஒண்ணுமில்லீங்களா? சாமி முன்னால காலிச் சொம்பு வெக்கற மாதிரியல்ல இருக்குது" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். சுமதி, "இவருக்கு எதுலதான் வெளையாட்டு இல்ல, போங்க" என்றாள். விளையாட்டுக்குத்தான் சொன்னான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. நம் வீடுகளில் பூஜைக்குக் காலிப் பாத்திரம் வைப்பதில்லை. ஒரு பிடி அரிசியாவது போட்டுத்தான் வைப்போம். நான் உள்ளே போய் பத்துத் தோட்டா நிரப்பிய மேகசினைக் கொண்டுவந்து அடியில் அழுத்தி மாட்டினேன். அந்த ரைஃபிளில் மேகசின் வெளியே துருத்தாது, கட்டையோடு மட்டமாக உட்கார்ந்துவிடும். மாட்டியிருக்கிறதா இல்லையா என்று மேலிருந்து பார்ப்பவனுக்குத் தெரியாது. மாணிக்கத்தின் கேலியை ஒரு காரணமாக நான் பல ராத்திரி எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நீ ஒருநாளும் அப்படி நினைக்காதே. அவன் சிரிப்பதற்காகச் சொன்னதைக் கேட்டு அறிவுள்ளவன் துப்பாக்கியை நிரப்ப மாட்டான்.

மறுநாள் காலை எல்லாரும் திரும்ப வந்தார்கள். பூஜையில் வைத்ததை எடுக்குமுன் ஒவ்வொன்றையும் ஒரு தரம் இயக்கிவிட்டு எடுப்பது நம் பழக்கம். அம்மா ஒரு துண்டுத் துணியில் நாலு தையல் ஓட்டினாள். குழந்தைகள் புத்தகத்தைத் திறந்து ஒரு வரி வாசித்தார்கள். வெளியே யாரோ கார் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டிருந்தார்கள், அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் கேசரிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு உன்னிடம் சொன்னேன்: "கண்ணு, அந்தத் துப்பாக்கி போல்ட்ட ஒருக்கா இழுத்து வுட்டுட்டு உள்ள கொண்டுபோய் வெச்சுரு." மேகசின் உள்ளே இருப்பது எனக்கு மறந்துபோயிருந்தது. கொக்கி தேய்ந்திருப்பதும் அந்த நேரத்தில் மறந்துபோயிருந்தது. எதுவுமே உனக்குத் தெரியாது. உனக்குப் பதிமூன்று வயசு. அப்பா சொன்னதைச் செய்தாய். நான் கற்றுக்கொடுத்த மாதிரியே விரலை ட்ரிகருக்கு வெளியே நீட்டி வைத்துக்கொண்டு, போல்ட்டை இழுத்து விட்டாய். மாணிக்கம் உனக்கு முதுகு காட்டிக் கார்ப்பெட்டில் உட்கார்ந்து, புத்தகங்கள் மேலிருந்த பூவைப் பொறுக்கி ஒரு தட்டில் போட்டுக்கொண்டிருந்தான்.

சத்தம் கேட்டதுமே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ரேஞ்சில் கேட்ட அதே சத்தம்: போல்ட் மூடும் ஓசையும் வெடியும் ஒன்றாக. மாணிக்கம் கத்தவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே, "அண்ணா, காலக் காணமுங்க" என்றான். அந்தச் சொல்லை நான் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆம்புலன்ஸ் நம் பக்கம் வர நேரமாகும் என்று பயந்து வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். அப்படித் தூக்கியது சரியா தப்பா என்று டாக்டரிடம் கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் இல்லை. உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டோம். ஆஸ்பத்திரி ஆட்களே இங்கத்துப் போலீஸான ஷெரிஃப் ஆபீஸுக்குச் சொல்லிவிட்டார்கள். ஒரு அதிகாரி வந்தார். சுமதியிடம் பேசினார், அம்மாவிடம் பேசினார். துப்பாக்கியை எடுக்க வீட்டுக்கு வரவேண்டும் என்றார். "நான் முன்னால் போய்த் திறந்து வைக்கிறேன்" என்றேன். இன்ஷூரன்ஸ் அட்டை எடுக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். வீட்டில் யாருமில்லை. ஹாலில் கேசரி சிந்தியிருந்தது. நான் அந்த இரண்டு பின்களையும் தட்டிக் கழற்றி, தேய்த்த பெட்டியை எடுத்துவிட்டு, டிராயரிலிருந்த புதிய பெட்டியை மாட்டினேன். எத்தனையோ முறை செய்து பழகிய வேலை. பின்கள் வழுக்கிக்கொண்டு உள்ளே போயின. அதிகாரியின் கார் வாசலுக்கு வந்தபோது நான் கை கழுவிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும், உன் பக்கத்திலிருந்து. அந்த அதிகாரி நல்ல மனிதர், உன் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்து கேட்டார். நீ சொன்னாய், "ஐ டிட்ன்ட் டச் த ட்ரிகர், சார். ஐ ஸ்வேர்." அவர் என்னைப் பார்த்தார். நான் இங்கிலீஷில் சொன்னேன்: சின்னப் பையன், பயந்துவிட்டான், தெரியாமல் அழுத்தியிருப்பான். நீ என் பக்கம் திரும்பிப் பார்த்தாய். உன் முகத்தில் அப்போது கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன், கண்ணு. கோபமில்லை. யோசித்தாய். அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும், நான்தான் அழுத்தியிருக்கிறேன் போல என்று நீ உன்னையே சந்தேகப்பட ஆரம்பித்ததை நான் நேரில் பார்த்தேன். அன்று ராத்திரி அம்மா கேட்டாள்: "ஏனுங்க, அவன் வெரல் வெளியதானுங்க இருந்துச்சு? நான் பாத்தனே." நான் அவளிடம் எரிந்து விழுந்தேன். "நீ தையல் மெஷினப் பாத்துட்டு இருந்த, உனக்கென்ன தெரியும்?" என்றேன். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து என் தட்டில் சோறு போடும்போது என் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

ஏன் செய்தேன்? கிரீன் கார்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போது நம் பேப்பர் எல்லாம் நடுவில் நின்றுகொண்டிருந்தது. பாதுகாப்பில்லாத துப்பாக்கியைப் பையன் கையில் கொடுத்தான் என்று கேஸ் வந்தால் மூன்று பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று பயந்தேன். பதிமூன்று வயசுப் பையன் தெரியாமல் அழுத்தினான் என்றால் யாரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு சரியாகவே வந்தது. ஆனால் அது பாதிக் காரணம்தான். மீதியை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நியூஸ்குரூப்பில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. யாராவது ஒரு பாகத்தின் படம் போட்டு இது எந்தக் காலத்தது என்று கேட்டால், அவரைக் கேளுங்கள் என்று என்னைத்தான் காட்டுவார்கள். அரத்தை எடுத்துக் கொக்கியைக் கெடுத்த முட்டாள் நான்தான் என்று தெரிந்தால் அந்தப் பெயர் போய்விடும். முகமே தெரியாத பத்துப் பதினைந்து பேரிடம் கெட்டிக்காரனாக இருப்பதற்காகப் பெற்ற பிள்ளையை விட்டுக்கொடுத்தேன். இதற்குமேல் இதை நல்லவிதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

துப்பாக்கியைப் பரிசோதித்து ரிப்போர்ட் வந்தது. ட்ரிகர் ஒழுங்காக இருக்கிறது, அழுத்தாமல் வெடிக்க வாய்ப்பில்லை என்று எழுதியிருந்தார்கள். அந்த ரைஃபிளின் சீரியல் நம்பர் பழைய காலத்தது. அதில் பெயின்ட் அடித்த புதிய பெட்டி இருக்கவே முடியாது. என்னைப் போல ஒரு கிறுக்கன் அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தால் ஒரு பார்வையில் பிடித்திருப்பான். யாரும் பிடிக்கவில்லை. அந்த ரிப்போர்ட்டைப் படித்தபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நிம்மதி வந்தது, அதற்குப் பின்னாலேயே, "இதுகூடவா தெரியல இவங்களுக்கு" என்று ஒரு ஏளனமும் வந்தது. கழற்றிய பெட்டியை ஏரியில் எறிந்திருக்கலாம். எறியவில்லை. சாட்சிக்காக வைத்திருந்தேன் என்று நினைக்காதே, நான் அவ்வளவு நல்லவன் இல்லை. அந்த மாதிரி வார்ப்பு இப்போது வருவதில்லை, அதனால் வைத்திருந்தேன். அப்புறம் வெப் பேஜ் ஆரம்பித்ததும், கொக்கியை நீங்களே தேய்க்காதீர்கள், ஆபத்து என்று கொட்டை எழுத்தில் ஒரு பக்கம் போட்டேன். எங்கெங்கோ இருந்து நன்றி சொல்லி மெயில் வந்தது. முன்பின் தெரியாதவனுக்கெல்லாம் உண்மையைச் சொன்னேன். அடுத்த அறையில் படுத்திருந்த உனக்குச் சொல்லவில்லை.

உன்னைப் பிறந்தநாளுக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். ஒரு பொங்கல் விழாவில் ஒரு அம்மா தன் பெண்ணிடம், "அந்த அண்ணன்கூட வெளையாட வேண்டாம், இங்க வா" என்றது உன் காதில் விழுந்ததும் நீ காரில் போய் உட்கார்ந்துகொண்டதும் எனக்குத் தெரியும். பதினாறு வயசில் எல்லாப் பிள்ளைகளும் லைசென்ஸுக்குப் பறந்தபோது நீ வேண்டாம் என்றாய். "ஐ டோன்ட் ட்ரஸ்ட் மை ஹேண்ட்ஸ்" என்றாய். இப்போதும் ரயிலில்தான் போகிறாய். மாணிக்கம் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி ஒன்றுமில்லாமல் சுமதியோடு கோபிக்குத் திரும்பிப் போனான். படுத்த படுக்கையாகவே இருந்து, புண் வந்து, போன மாதம் போய்விட்டான். ஊருக்குப் போன முதல் வருஷம் அவன் உனக்கு எழுதிய கடிதத்தை நீ பர்ஸில் மடித்து வைத்திருக்கிறாய். எனக்கும் அது மனப்பாடம். "மாப்ள, நீ வேணும்னு பண்ணல. மாமன் மனசுல ஒண்ணுமில்ல. நல்லாப் படி." அவன் அந்த நிலைமையில் கிடந்துகொண்டு மன்னித்தான். தப்பான ஆளை மன்னித்தான். உன்னை மன்னிக்க அவனுக்கு ஒன்றுமே இல்லை, மன்னிக்க வேண்டியவனை அவன் வருஷா வருஷம் தீபாவளிக்குப் போன் போட்டு, "அண்ணா, நல்லாருக்கீங்களா?" என்று விசாரித்தான்.

நீ போன் செய்துவிட்டு வைத்த அன்று, அம்மா எதிரில் வந்து உட்கார்ந்தாள். "நான் அன்னைக்குப் பாத்தது பாத்ததுதானுங்க. எப்புடின்னு எனக்குத் தெரியாது. ஆனா உங்களுக்குத் தெரியும். நீங்க சொல்றீங்களா, நான் எனக்குத் தெரிஞ்சதச் சொல்லட்டா?" என்றாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்து போய் உன் அறையில் படுத்துக்கொண்டாள். இன்னும் அங்கேதான் படுக்கிறாள். அடுத்து சுமதிக்குப் போன் போட்டேன். முழுக்கச் சொன்னேன். "தம்பிகிட்டச் சொல்லீட்டீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்பறம் எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? மொதல்ல அவங்கிட்டச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள்.

அதனால் எழுதுகிறேன். உனக்கு இருபத்தோரு வயசு. அப்பா என்ற முறையில் புத்தி சொல்லும் இடத்தில் நான் இல்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், வேண்டாமென்றால் தள்ளிவிடு. உன் கண்ணால் நீ பார்த்ததை, உன் கையால் நீ உணர்ந்ததை, மரியாதைக்காக யாரிடமும் விட்டுக்கொடுக்காதே. சொல்கிறவன் அப்பனாக இருந்தாலும், அந்த விஷயத்தைக் கரைத்துக் குடித்தவனாக இருந்தாலும் விட்டுக்கொடுக்காதே. அன்று அந்த ஹாலில் நடந்ததைச் சரியாகச் சொன்ன ஒரே ஆள் நீதான். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. என்னோடு பேச வேண்டாம் என்றால் பேசாதே. அம்மாவோடு மட்டும் பேசு. உன் கைகளில் ஒரு குற்றமும் இல்லை, கண்ணு. ஒருபோதும் இருந்ததில்லை.

இனி லிஸ்ட்டில் இருக்கும் மற்றவர்களுக்கு. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தேய்த்த பெட்டியை எடுத்துக்கொண்டு ஷெரிஃப் ஆபீஸுக்குப் போகிறேன். என்ன செய்வார்களோ தெரியாது, வக்கீல் போகாதே என்றுதான் சொன்னார். அன்று ஹாலில் இருந்தவர்கள் முடிந்தால் வாருங்கள். எனக்குத் துணையாக அல்ல. நான் அங்கே போய்ப் பாதியை முழுங்கிவிட்டுப் பேசினால் எழுந்து நின்று திருத்துவதற்கு. இந்தக் கடிதத்தை வேறு ஸ்டேட்டுக்கு, மான்மவுத் ஜங்ஷனுக்கும் பார்சிப்பனிக்கும் மாறிப்போன குடும்பங்களுக்கு ஃபார்வர்ட் பண்ணுங்கள். என் பையனைப் பற்றி நீங்கள் யாரிடம் என்ன சொன்னீர்களோ அவர்கள் அத்தனை பேருக்கும் போகட்டும். என்னைத் திட்ட வேண்டியதை எனக்கு எழுதுங்கள், எல்லாவற்றையும் படிப்பேன். அவனிடம் என்னைப் பற்றிப் பேச வேண்டாம். அவன் நம்பர் உங்களில் பாதிப் பேரிடம் இருக்கிறது. போன் போடுங்கள். எட்டு வருஷமாகக் கூப்பிடாத வீட்டுக்கு ஊருக்கு வரும்போது ஒரு நாள் சாப்பிட வா என்று கூப்பிடுங்கள். அவன் வரமாட்டேன் என்பான். அடுத்த வாரம் மறுபடியும் கூப்பிடுங்கள்.